ஏழாவது டப்பா

சமையலறையில் டப்பா மூடி திறக்கும் சத்தம் கேட்டது. 'டப்' என்று ஒன்று. கொஞ்சம் அமைதி. மறுபடி அழுத்தி மூடும் சத்தம்.

கூடத்தில் உட்கார்ந்திருந்த கறாரக்காவின் நெஞ்சும் கூடவே ஒரு தடவை திறந்து மூடியது. முதலில் பருப்பு. அது பயமில்லை. அடுத்தது மாவு. அதற்கும் பயமில்லை. அவள் வீட்டு அலமாரியில் ஒரே அளவில் ஏழு டப்பாக்கள் நிற்கும். கண்ணைக் கட்டி விட்டாலும் எதில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுவாள். ஆறு டப்பாக்களை ஊரே வந்து திறந்து பார்க்கட்டும். மேல்தட்டில் இருக்கும் ஏழாவதை மட்டும் யாரும் தொடக் கூடாது. தாலி கட்டியவர்கூடத் தொட்டதில்லை.

உள்ளே இருந்தவர் வேற்று நாட்டுப் பெண்மணி. நாலு வருடங்களுக்கு முன்னால் இந்த ஊருக்குக் குடிவந்து, ஊர்ப் பேச்சையும் கற்றுக்கொண்டு, இப்போது ஒரு கம்பெனியில் அதிகாரியாக இருக்கிறார். "உங்க சமையலறையைப் பார்க்கலாமா? ஒரு மாசச் சாமான் எவ்வளவுன்னு கண்ணால பார்க்கணும்" என்று அவர் கேட்டதும், "தாராளமா பாருங்கம்மா, இதுக்கெல்லாம் கேக்கணுமா?" என்று கறாரக்காவின் வாய் முந்திக்கொண்டது. டப்பா ஞாபகம் அதற்குப் பிறகுதான் வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு என்ன பயன்?

டப். மூன்று. டப். நாலு.

"என்னம்மா, எண்ணிக்கிட்டு இருக்கே?" என்றாள் வாசற்படி ஓரம் உட்கார்ந்திருந்த நாத்தனார். இரண்டு வீடு தள்ளிக் குடியிருப்பவள். ஒரு கிண்ணம் சர்க்கரை வாங்கிப்போக வந்தவள், கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரமாக நகரவில்லை. "உன் முகத்துல ஈயாடலையே! உள்ளே என்ன புதையலா வச்சிருக்கே?"

"சும்மா இரு அக்கா" என்று அதட்டினார் கறாரக்காவின் கணவர். வாஷிங் மெஷின் மெக்கானிக். நீலச் சட்டையில் கிரீஸ் கறையோடு, பாதி வேலையில் எழுந்து ஓடி வந்திருந்தார். மனைவிக்கு வேலை கிடைக்கப் போகிறது என்ற பூரிப்பில் நாற்காலி நுனியில்கூட அவரால் உட்கார முடியவில்லை.

டப். ஐந்து. டப். ஆறு.

ஸ்டூலை இழுக்கும் சத்தம் கேட்டது!

கறாரக்காவின் கை சேலைத் தலைப்பைக் கசக்கியது. மேல்தட்டு எட்டாதவர்கள்தான் ஸ்டூலை இழுப்பார்கள். போச்சு. இருபது வருடம் கட்டிக் காத்த பெயர் இதோ இந்த நிமிடம் சரியப் போகிறது.

ஆனால் அதிகாரியம்மா ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தார். அதைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். அவ்வளவுதான். போன உயிர் திரும்பி வந்தது.

அந்த உயிர் எதற்காக அப்படித் துடித்தது என்று தெரிய வேண்டுமானால், அவளுக்கு அந்தப் பெயர் வந்த கதை தெரிய வேண்டும்.

கல்யாணமான புதிதில் சந்தையில் ஒரு பித்தளைக் குடத்துக்குப் பாதி விலை கேட்டாள். கடைக்காரர் சிரித்தார். இவள் சிரிக்கவில்லை. மூன்று தடவை போவதுபோல் போய், நாலாவது தடவை அதே பாதி விலையில் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். பார்த்த பெண்கள் வைத்த பெயர்தான் கறாரக்கா. அதன்பிறகு தெருவில் யார் எதை வாங்கினாலும் அவளிடம் காட்டிவிட்டுத்தான் உள்ளே எடுத்துப்போவார்கள். அவள் உதட்டைப் பிதுக்கினால் வாங்கியவளுக்குச் சோறு இறங்காது. மெக்கானிக்குக்கோ பெருமை தாங்காது. போகிற வீட்டிலெல்லாம் மெஷினைப் பிரித்துப் போட்டுக்கொண்டே, "என் வீட்டுக்காரி பேரம் பேசினா கடைக்காரன் கடையை எழுதிக் கொடுத்துடுவான்" என்பார்.

பிறகு ஊர் மாறியது. கடற்கரைப் பக்கம் அடுக்குமாடிகள் எழும்பின. வெளிநாட்டார் குடும்பம் குடும்பமாக வந்து இறங்கினார்கள். அவர்கள் ஊரில் ஒரு அறைக்குக் கொடுக்கும் வாடகையில் இங்கே நாலு அறை, பால்கனி, பக்கத்திலேயே நல்ல ஆஸ்பத்திரி, ஜன்னலைத் திறந்தால் கடல் காற்று. வராமல் என்ன செய்வார்கள்? சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு நன்றியும் சொன்னார்கள். அதன்பிறகு எந்த வியாபாரிக்குப் பேரம் பேசப் பொறுமை இருக்கும்? "வேணும்னா எடுங்க, வேணாம்னா வைங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

கறாரக்காவின் கறார் அன்றோடு செல்லாமல் போனது. ஆனால் பெயர்? பெயரை எப்படிக் கழற்றி வைப்பது? அவள் கேட்ட விலையைக் கொடுத்து வாங்கினாள். வெளியே குறைத்துச் சொன்னாள். துண்டு விழுந்த பணத்துக்கு இரண்டு பஸ் நிறுத்தம் நடந்தாள். மதியக் காப்பியை விட்டாள். மாதக் கணக்குக்கு உண்மையான விலை வேண்டும், ஆனால் யார் கண்ணிலும் படக் கூடாது என்று கடைச் சீட்டுகளை மட்டும் ஏழாவது டப்பாவுக்குள் போட்டு வைத்தாள். ஐந்து வருடச் சீட்டு. ஐந்து வருடப் பொய்.

இப்படி இருக்கும்போதுதான் அதிகாரியம்மா வீட்டு மெஷினைப் பழுது பார்க்கப் போன மெக்கானிக் தலைகால் புரியாமல் ஓடி வந்தார்.

"ஏய், இங்க வா! அந்தம்மா கம்பெனி வெளிநாட்டுக் குடும்பங்களைக் கூட்டிட்டு வந்து குடிவைக்குது. வர்றவங்க கையில ஒரு பட்டியல் கொடுப்பாங்களாம். இந்த ஊர்ல ஒரு மாசம் குடும்பம் நடத்த என்ன செலவாகும், பாலுக்கு எவ்வளவு, தண்ணி கேனுக்கு எவ்வளவுன்னு. அதைத் தயார் பண்ணவும், வந்த புதுசுல அந்தப் பொம்பளைங்களைச் சந்தைக்குக் கூட்டிட்டுப் போகவும் ஆள் வேணுமாம். மாசச் சம்பளம்! நான் ஒரே பேர்தான் சொன்னேன்."

கறாரக்கா அடுப்பை அணைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டாள். இருபத்தி நாலு வருடங்களுக்கு முன்னால் டெலிபோன் ஆபீசில் சேரச் சொல்லி அவள் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. அதே வாரத்தில் கல்யாணம். கடிதம் மடித்த மடிப்பிலேயே மக்கிப்போனது. மகளின் கல்லூரிப் படிவத்தில் 'தாயின் தொழில்' என்ற கட்டம் வரும்போதெல்லாம் அவள் ஒரு சின்னக் கோடு போடுவாள். அந்தக் கோடு போடும்போது பேனா ஒவ்வொரு தடவையும் கனக்கும். இனி அந்த இடத்தில் ஒரு வார்த்தை எழுதலாமா? நாற்பத்தாறு வயதிலா?

நாலு பேர் கொண்ட வெளிநாட்டுக் குடும்பத்துக்கு ஒரு மாதச் செலவு எழுதித் தர வேண்டும் என்பதுதான் பரீட்சை. ஒரு வாரம் நேரம். நோட்டும் பென்சிலுமாகத் தெருவில் பன்னிரண்டு வீடு ஏறி இறங்கினாள். தக்காளி என்ன விலைக்கு வாங்கினீங்க? எண்ணெய்? மீன்? வீட்டு வேலைக்கு வர்றவங்களுக்கு எவ்வளவு? ஒவ்வொரு வீட்டிலும் பதில் கேட்கக் கேட்க அவளுக்கு உள்ளுக்குள் அழுகை வந்தது. தான் இருபத்தெட்டுக்கு வாங்கிய தக்காளியை நாத்தனார் இருபதுக்கு வாங்கியிருக்கிறாள். எதிர்வீட்டுத் தையல்காரி எண்ணெயை நூற்று நாற்பதுக்கு வாங்கியிருக்கிறாள். தான் கொடுத்தது நூற்று அறுபத்தைந்து. ஊரெல்லாம் சாமர்த்தியசாலிகள், ஏமாந்தவள் தான் ஒருத்தி மட்டும்தானா? கறாரக்கா என்ற பட்டம் சுமந்தவளா?

அவர்கள் சொன்னதையே எழுதினாள். தன் சீட்டுகளை டப்பாவுக்குள் இன்னும் ஆழமாக அழுத்தினாள். வாடகை நீங்கலாக ஒரு மாதத்துக்குப் பதினெட்டாயிரம் என்று அடிக்கோடு போட்டுக் கொடுத்தாள்.

அந்தப் பட்டியல் இப்போது அதிகாரியம்மாவின் மடியில் இருந்தது.

"கையெழுத்து அழகா இருக்கு" என்றார் அவர். நிறுத்தி நிதானமாகப் பேசுகிற பழக்கம். "ஒன்றையும் விடலை. மின்சாரம், கேஸ், ஸ்கூல் வேன், கொசுமருந்துகூட எழுதியிருக்கீங்க. ஆனா இந்த விலைகள்..." பட்டியலைத் திருப்பிக் காட்டினார். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி. "இன்றைக்குக் காலையில இதை எடுத்துக்கிட்டு நானே சந்தைக்குப் போனேன். ஒரு பொருள்கூட வாங்க முடியலை."

"உங்களைப் பார்த்ததும் ஏத்திச் சொல்லியிருப்பான்மா!" என்று மெக்கானிக் பாய்ந்தார். "முகத்தைப் பார்த்துதானே அவனுங்க வாயே திறக்கிறானுங்க!"

"நானும் அப்படித்தான் நினைச்சேன். அதனால எங்க சமையல்காரம்மாவை அனுப்பினேன். இந்த ஊர்லயே பிறந்தவங்க. காய்கறிக்காரர் பட்டியலைப் படிச்சுட்டு என்ன சொன்னாராம் தெரியுமா? 'இந்த விலைக்கு எங்க கிடைக்குதுன்னு சொல்லுங்க தாயே, நானே போய் வாங்கிட்டு வந்து விக்கிறேன்.'"

நாத்தனார் களுக்கென்று சிரித்தாள். பிறகு எதையோ நினைத்துக்கொண்டவள்போலச் சட்டென்று நிறுத்தினாள்.

"ஒருவேளை இந்த வீடுகள்ல ரொம்பக் கொஞ்சமா வாங்குவாங்களோன்னு பார்க்கத்தான் டப்பாவைத் திறந்தேன். எல்லாம் நிறைய இருக்கு" என்ற அதிகாரியம்மா பெருமூச்சு விட்டார். "போன வருஷம் பட்டியல் போட்டவர் ஏசி கடையில விலை பார்த்து எழுதிட்டார். அதைப் பார்த்துப் பயந்து இரண்டு குடும்பம் வராமலே போச்சு. உங்க பட்டியலை நம்பி வர்ற குடும்பம் இருபதாம் தேதி பட்டினி கிடக்கும். நான் இங்கே வந்த புதுசுல தண்ணி கேனுக்கு மூணு மடங்கு கொடுத்தேன். ஆறு மாசம். யாரும் சொல்லலை. கேட்டவங்க எல்லாம் சிரிச்சாங்க. புது ஊர்ல ஒரு விலை தெரியாம நிக்கிறது எவ்வளவு அவமானம்னு எனக்குத் தெரியும். மன்னிச்சுக்கோங்க. இந்த வேலையை உங்களுக்குத் தர முடியாது."

எழுந்துவிட்டார்! கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டுவிட்டார்!

மெக்கானிக்கின் முகம் அணைந்த பல்பு மாதிரி ஆனது. "அம்மா, ஒரு நிமிஷம்... இவ பொய் சொல்றவ இல்லைம்மா. பேரத்துல இவளை அடிச்சுக்க இந்த ஊர்லயே ஆள் கிடையாது. இதோ இந்தத் திரைச்சீலையைப் பாருங்க, தொள்ளாயிரம் சொன்னதை முந்நூத்தம்பதுக்கு..."

அந்தக் குரலில் இருந்த நம்பிக்கைதான் கறாரக்காவை அறுத்தது. ஒரு பக்கம் வாசலை நோக்கித் திரும்பிய வேலை. மறுபக்கம் இருபது வருடப் பெயர், அதை மார்பில் குத்திக்கொண்டு ஊரெல்லாம் திரிந்த கணவர், கேட்டுவிட்டால் ஆயுசுக்கும் சொல்லிக்காட்டப் போகிற நாத்தனார். இரண்டில் ஒன்றுதான் மிஞ்சும். எதை விடுவாள் அந்தப் பேதை?

"இருங்கம்மா!"

அப்படி ஒரு குரல் தனக்குள் இருக்கிறது என்று அவளுக்கே தெரியாது. ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு ஓடினாள். ஏறினாள். ஏழாவது டப்பாவை இறக்கிக்கொண்டு வந்து, கூடத்தின் நடுவில் தலைகீழாகக் கவிழ்த்தாள்.

சரசரவென்று கொட்டியது காகிதம். மஞ்சள் சீட்டு, வெள்ளைச் சீட்டு, சிகரெட் அட்டையைக் கிழித்து எழுதிய சீட்டு, மீன் வாசனை போகாத சீட்டு. ஒவ்வொன்றிலும் மூலையில் அவள் கையால் எழுதிய தேதி.

"நான் உண்மையா கொடுத்த விலை இதுதாம்மா" என்றாள். கன்னத்தில் கண்ணீர் ஓடியது, துடைக்கவில்லை. "தக்காளி இருபத்தெட்டு. எண்ணெய் நூத்தி அறுபத்தஞ்சு. கேன் நாப்பது. அஞ்சு வருஷமா எனக்குப் பேரமே படியலை. மத்தவங்க எல்லாரும் குறைச்சு வாங்குறாங்க, நான் ஒருத்திதான் ஏமாளின்னு வெட்கமா இருந்துச்சு. அதனால அவங்க சொன்னதை எழுதிட்டு என்னோடதை மறைச்சுட்டேன்."

நாத்தனார் எழுந்தாள். இடுப்பில் கை வைத்தாள். "அடி கள்ளி!" என்றாள். கறாரக்கா தலையைக் குனிந்துகொண்டாள். வரட்டும், எல்லாம் வரட்டும்.

"அடி கள்ளி! இருபத்தெட்டுக்கா வாங்கினே நீ? நான் முப்பதுக்கு வாங்கிட்டு, உனக்குப் பயந்து இருபதுன்னு சொல்லித் தொலைச்சேன்!"

"அண்ணி!"

"என்ன அண்ணி? முப்பதுன்னு சொல்லியிருந்தா உதட்டைப் பிதுக்கியிருக்க மாட்டே? நீ உதட்டைப் பிதுக்கின அந்தப் போர்வையை நான் இன்னைக்கு வரைக்கும் விரிக்கலை, தெரியுமா!"

வாசல் பக்கம் ஒரு சிரிப்பு கேட்டது. எதிர்வீட்டுத் தையல்காரி, கழுத்தில் அளவு நாடாவோடு, எப்போது வந்தாளோ தெரியாது. "அக்கா, என் எண்ணெயும் நூத்தி அறுபத்தஞ்சுதான்கா. இருபத்தஞ்சை நானே கத்தரிச்சுட்டேன். துணியைத்தான் கத்தரிக்கணும்னு இருக்கா என்ன?"

கறாரக்கா ஒருத்தி மட்டும் இல்லை! பன்னிரண்டு வீட்டிலும் இதே கதை! ஒருத்திக்குப் பயந்து ஒருத்தி குறைத்து, குறைத்ததை நம்பி இன்னொருத்தி இன்னும் குறைத்து, தெரு முழுவதும் இல்லாத விலையில் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்திருக்கிறது. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன அவளுக்கு.

அதிகாரியம்மா அதற்குள் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டார். சீட்டுகளைத் தேதிப்படி அடுக்கத் தொடங்கியிருந்த அவர் விரல்கள் பரபரத்தன. "இது... இது ஐந்து வருஷம்! மழை மாசத்துல காய் எவ்வளவு ஏறும், வெயில்ல கேன் எவ்வளவு ஏறும், எல்லாம் இருக்கு. இதைத்தான் நான் நாலு வருஷமா தேடினேன். உட்காருங்க, உட்காருங்க. புதுசா எழுதலாம்."

பிறகு நடந்ததை என்னவென்று சொல்வது! கூடமே சந்தையானது. கறாரக்கா எழுத, நாத்தனார் கத்த, தையல்காரி திருத்த, மெக்கானிக் எல்லாருக்கும் எலுமிச்சைச் சாறு பிழிந்து கொடுத்தார். "வெளிநாட்டுக்காரங்க பாலாடைக்கட்டி இல்லாம இருக்க மாட்டாங்க, அதை எழுதும்மா." "அது அவங்க ஊரைவிட இங்க இரண்டு மடங்கு, அதையும் எழுது." "ஏசியை ராத்திரி முழுக்க ஓட்டினா கரண்ட் பில் எகிறும், தனியா எழுது." "வீட்டு வேலைக்கு வர்றவங்க கூலியை மட்டும் யாரும் குறைக்காதீங்கடி, அந்தப் பாவம் நமக்கு வேணாம்." கறாரக்கா தானாகவே இரண்டு பத்தி பிரித்தாள். இந்த ஊர்க்காரி கொடுக்கும் விலை ஒன்று. வந்த புதிதில் முகம் பார்த்துச் சொல்லும் விலை ஒன்று. இரண்டாவதிலிருந்து முதலாவதுக்கு எத்தனை மாதத்தில் இறங்கலாம், எந்தக் கடையில் எப்படிக் கேட்டால் இறங்கும் என்று ஓரத்தில் குறிப்பு. பதினெட்டாயிரம் இருபத்தாறாயிரத்தில் போய் நின்றது.

கடைசியாக ஒரு வரி மிச்சம் இருந்தது. அதிகாரியம்மா அதில் பேனாவை வைத்தார்.

"வாஷிங் மெஷின் பழுது. வீட்டுக்கு வந்து பார்க்க எவ்வளவு? என்கிட்ட எப்பவும் நானூறு வாங்குறாங்க."

மெக்கானிக்கின் கையில் இருந்த டம்ளர் நின்ற இடத்திலேயே நின்றது. இந்தத் தெருவில் அவர் வாங்குவது இருநூற்றைம்பது. நாத்தனார் வாயைத் திறந்து, தம்பியின் முகத்தைப் பார்த்து, மூடிக்கொண்டாள். தையல்காரி அளவு நாடாவை ஆராய்ந்தாள்.

கறாரக்கா கணவரைப் பார்த்தாள். கடற்கரை அடுக்குமாடிகளில் மாதம் இருபது வீடு. வீட்டுக்கு நூற்றைம்பது கூடுதல். மகளின் விடுதிக் கட்டணம் அதிலிருந்துதான் போகிறது. நானூறு என்று எழுதினால் யாருக்கும் தெரியப் போவதில்லை. ஆனால் தண்ணீர் கேனுக்கு மூணு மடங்கு கொடுத்து ஆறு மாதம் ஊர் சிரிக்க நின்ற ஒருத்தி எதிரே உட்கார்ந்திருக்கிறாள்.

"என்னங்க" என்றாள் மெதுவாக.

மெக்கானிக் டம்ளரைக் கீழே வைத்தார். காதைச் சொறிந்தார். "எழுதிக்கோ" என்றார். "உண்மையையே எழுதிக்கோ. உன் சம்பளத்துல ஈடு கட்டிக்கலாம்."

'இருநூற்று ஐம்பது' என்று அவள் எழுதினாள். எண்ணால் எழுதி, பக்கத்தில் எழுத்தாலும் எழுதினாள்.

அதிகாரியம்மா அந்த வரியைப் படித்துவிட்டு மெக்கானிக்கைப் பார்த்துச் சிரித்தார். பிறகு பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து நீட்டினார். "திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு வந்துடுங்க. உங்க முழுப் பேரை இங்கே எழுதுங்க."

கல்யாணப் பத்திரிகைக்குப் பிறகு அந்தப் பெயரை யாரும் அச்சடித்ததில்லை. அடித்தல் திருத்தல் இல்லாமல், ஒவ்வொரு எழுத்தாக அதை எழுதி முடித்தாள். நாத்தனார் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "தூசி" என்றாள் அவள், யாரும் கேட்காமலே. சர்க்கரையை மறந்துவிட்டுக் காலிக் கிண்ணத்தோடு தையல்காரியை இழுத்துக்கொண்டு முதலில் கிளம்பினாள், தெருவுக்குச் செய்தி சொல்ல.

அதிகாரியம்மா செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பினார். "அந்தத் திரைச்சீலை நல்லா இருக்கு. வர்ற குடும்பத்துக்கு ஜன்னலுக்குத் தேவைப்படும். எவ்வளவுன்னு சொன்னீங்க?"

"முந்நூத்..." என்று பழக்கத்தில் ஆரம்பித்தார் மெக்கானிக்.

"எண்ணூத்தி இருபது" என்றாள் கறாரக்கா. "தையல் கூலி தனி."

மெக்கானிக் திரைச்சீலையைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். "நான் பேரம் பேசி வாங்கினேன்னு சொன்ன அந்த மிக்ஸி இருக்குல்ல" என்றார் மெல்ல, "ஐந்நூறு இல்லை. ஆயிரத்தி இருநூறு."

அதிகாரியம்மா இரண்டையும் குறித்துக்கொண்டார். கை கூப்பினார். படியிறங்கித் தெருவில் நடந்தார். முனை திரும்பும்வரை கறாரக்கா வாசலில் நின்று பார்த்துவிட்டு, உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.